கடைசி வண்டியை யார் எண்ணினது?

போன வாரம் கேன்டீனில் ஒரு திட்டம் பிறந்தது. கடைசி செமஸ்டர் முடிந்ததும் எல்லாரும் கொடைக்கானல், மூணாறு என்று போவார்கள், நாம் வித்தியாசமாக ஏதாவது செய்யணும் என்று ஒருத்தன் ஆரம்பித்தான். ஒருத்தனுடைய மாமாவிடம் தார் இருக்கிறது. இன்னொருத்தன் வீட்டில் பொலிரோ. இப்படிக் கூட்டிப் பார்த்ததில் நாலு வண்டி தேறியது. "தேரிக்காட்டுக்கு விட்ருவோம்டா. செம்மண்ணு, மேடு, பள்ளம், அப்படியே துபாய் மாதிரி இருக்கும்" என்றான் தார் பார்ட்டி. அடுத்த நொடி பத்துப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீதான் துபாய் பாலைவனத்துல போயிருக்கியே. நீயே லீட் பண்ணுல."

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே ஓட்டவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாக்கி டாக்கி பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. கேன்டீனில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சிரித்து மழுப்பிவிட்டேன். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

2024 டிசம்பர் செமஸ்டர் லீவில் ஷார்ஜாவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆள் சிக்கனம், ஆனால் ஒரு பழைய பஜேரோ மட்டும் வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நம்மூர்க்காரர்களும் மலையாளிகளுமாக ஒரு கூட்டம் சேர்ந்து மணலுக்குப் போவார்கள். அன்றைக்குப் போனது அல் பதாயர் பக்கம். துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் இருக்கிறது. 'பிக் ரெட்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்திருக்கும் பெரிய செம்மணல் மேடு அங்கேதான். மொத்தம் 11 வண்டி.

சாலை ஓரத்தில் வண்டிகளை நிறுத்தி டயரில் காற்றை இறக்கினார்கள். நான் முதலில் ஏதோ பஞ்சர் என்று நினைத்தேன் :-). சாலையில் 35 பி.எஸ்.ஐ அளவில் இருக்கும் காற்றை 15க்கு, சிலர் 12க்குக்கூட இறக்குவார்கள். காற்று குறைந்தால் டயர் அமுங்கி மணலைத் தொடும் இடம் நீளும், வண்டி மணலைத் தோண்டாமல் மேலேயே மிதந்து போகும். அதற்கு விலையும் உண்டு. அந்தக் காற்றில் சடாரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்ப சாலைக்கு வரும்போது காற்றை ஏற்றாமல் வேகமாக ஓட்டினால் சூடாகி வெடிக்கும். சித்தப்பா இதையெல்லாம் காற்றை இறக்கிக்கொண்டே சொன்னார். லீடர் அண்ணன் சொல்லவில்லை. அரை மணி நேரம் லேட் ஆகிவிட்டதால், "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, கிளம்புவோம்" என்று முடித்துவிட்டார். அன்று வந்தவர்களில் இரண்டு குடும்பம் முதல் தடவை வந்தவர்கள்.

அந்த அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லணும். அவர் ஓட்டுவதைப் பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கத் தோன்றும். மேட்டின் உச்சியில் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு அந்தப் பக்கம் சறுக்கும் பாருங்கள், வெண்ணெயில் கத்தி. ஆனால் அந்தத் திறமைதான் பிரச்சினை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அவர் போன தடத்தில்தான் மற்ற 10 வண்டியும் போகணும். முதல் வண்டி போகும்போது மணல் கெட்டியாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போக அது உழுத வயல் மாதிரி ஆகிவிடும். அவருக்குச் சுலபமாக இருந்த ஏற்றம் பத்தாவது வண்டிக்குப் புதைகுழி. இது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிவது வேறு, உணர்வது வேறு. முன்னால் போகிறவர் பின்னால் இருக்கும் மணலை ஒருநாளும் ஓட்டிப் பார்ப்பதில்லையே! அதனால்தான் புதுசாக வருபவர்களை லீடருக்கு அடுத்து விடுவது வழக்கம். மணலும் கெட்டி, லீடரின் கண்ணாடியிலும் அவர்கள் தெரிவார்கள். அன்றைக்கு அந்த வழக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. புதியவர்களில் ஒரு குடும்பம் வரிசையின் பின்பகுதியில், எங்களுக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டது. கணவன், மனைவி, நாலு வயசுப் பையன். வெள்ளை வண்டி.

வரிசையின் கடைசியில் ஒரு அனுபவஸ்தர் வரணும், அவருக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இருக்கக் கூடாது என்பது இந்தப் பயணங்களின் முக்கியமான ஏற்பாடு. அன்றைக்கும் ஒருத்தர் அப்படி இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து முன்னால் ஒரு வண்டி உச்சியில் வயிறு தட்டி நின்றுவிட்டது. இழுப்பதற்கு நல்ல கயிறு அவரிடம்தான் இருந்தது என்று லீடர் அவரை முன்னால் கூப்பிட்டுக்கொண்டார். அவர் போனார். கடைசி இடம் காலி. "இனிமேல் நீ கடைசி" என்று யாரிடமும் யாரும் சொல்லவில்லை.

மீட்பு முடிந்து வரிசை மறுபடி நகர்ந்தது. சித்தப்பா ஒரு இறக்கத்தில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாக்கி டாக்கியில் லீடர் குரல்: "பின்னாடி எல்லாரும் வந்தாச்சா?"

நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு வெள்ளை வண்டி புழுதியோடு வந்துகொண்டிருந்தது.

"வந்தாச்சுண்ணே" என்றேன்.

அந்த ஊரில் பாதி வண்டி வெள்ளை. பிக் ரெட் பக்கம் விடுமுறை நாளில் எத்தனையோ கூட்டம் வரும். நான் பார்த்தது வேறு யாரோ. எங்கள் வெள்ளை வண்டி இரண்டு மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் நின்றிருந்தது. பையனுக்கு வாந்தி. அவர்களிடம் வாக்கி டாக்கி கிடையாது, 11 வண்டிக்கு 7 செட்தான் இருந்தது. பள்ளத்தில் போன் சிக்னலும் இல்லை.

40 நிமிஷம் கழித்து டீ குடிக்க நிறுத்தியபோதுதான் பேப்பர் கப் ஒரு செட் மிச்சமிருப்பதை ஒரு சேச்சி கவனித்தார். திரும்பித் தேடிப் போனார்கள். வண்டி கிடைத்தது, அக்காவும் பையனும் உள்ளே இருந்தார்கள். அண்ணன் இல்லை. சிக்னல் தேடி மேட்டின் மேல் ஏறியிருக்கிறார், அங்கிருந்து இன்னொரு மேடு உயரமாகத் தெரிந்திருக்கிறது, அதில் ஏறியிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் தன் வண்டி எந்தப் பள்ளத்தில் என்று தெரியவில்லை. மணல் மேடு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும். இன்னொரு 20 நிமிஷம் கழித்து, கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள்.

டிசம்பர் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. வெயில் மாதங்களில் அங்கே நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும். ஒரு தண்ணீர் பாட்டில்கூட எடுக்காமல் ஒரு மணி நேரம் மணலில் நடந்த மனிதர் என்னவாகியிருப்பார் என்பதை மேலே எழுத எனக்கு விருப்பமில்லை. லீடர் அண்ணன் "அதான் கிடைச்சாச்சுல்ல!" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அக்கா சிரிக்கவில்லை. பையனின் டீசர்ட்டைக் கழற்றித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். "வந்தாச்சு" என்று சொன்னது யார் என்று கடைசி வரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஷார்ஜாவுக்குத் திரும்பும்போது சித்தப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஸ்டோர்ல ஒரு பெட்டி எண்ணாம கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்டா. இங்க எனக்கும் தோணல பாரு" என்றார்.

ஊருக்கு வந்த பிறகு ஆடிட்டிங் பேப்பர். (காமர்ஸ் மாணவன் எதைப் பேசினாலும் கடைசியில் பாலன்ஸ் ஷீட்டில்தான் வந்து நிற்பான், மன்னிக்கவும்.) 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மில்லில் இருக்கும் சரக்கின் அளவை மேனேஜர் கூட்டிக் காட்டி சர்டிஃபிகேட் கொடுத்தார். ஆடிட்டர்கள் போய் எண்ணிப் பார்க்காமல் அதை ஏற்றுக்கொண்டார்கள். கோர்ட் ஆடிட்டர்களை விட்டுவிட்டது. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லை என்று நாம் இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதே வழக்கு. பிறகு 1938இல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனி இல்லாத சரக்கை இருப்பதாகக் கணக்கில் காட்டி வந்தது வெளியே வந்தது. அதற்கப்புறம்தான் சரக்கு எண்ணும் இடத்துக்கு ஆடிட்டர் நேரில் போய் நிற்கணும் என்பது நடைமுறைக்கு வந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. லீடர் கேட்டது "எல்லாரும் வந்தாச்சா?" நான் கொடுத்தது சர்டிஃபிகேட். சரக்கை எண்ணியது பேப்பர் கப்.

அந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி. "எல்லாரும் வந்தாச்சா?" என்ற கேள்விக்கு "வந்தாச்சு" என்பதைத் தவிர யாரும் வேறு பதில் சொல்லமாட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் "டிக்கெட் எடுக்காதவங்க உண்டா?" என்று கேட்டால் எத்தனை பேர் கை தூக்குகிறார்கள்? கேட்பதென்றால் வண்டி வண்டியாகக் கேட்கணும்: மூணாவது வண்டி, உங்க பின்னாடி யார், தெரியுதா? இதைவிட எளிமையான ஏற்பாடு ஒன்று உண்டு, அனுபவசாலிக் கூட்டங்கள் அதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு வண்டிக்குப் பொறுப்பு. அது கண்ணாடியில் தெரியவில்லை என்றால் நீ நில். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவன் நிற்பான். இப்படியே லீடர் வரைக்கும் செய்தி போய்விடும், வாக்கி டாக்கி இல்லாவிட்டாலும். இதற்குத் தேவை கிளம்பும் முன் அஞ்சு நிமிஷம் பேச்சு. அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் அன்றைக்கு மிச்சம் பிடித்தோம்.

இன்னொரு விஷயம், கயிறு. சிக்கிய வண்டியை இழுப்பதுதான் வீடியோவில் எல்லாருக்கும் பிடித்த காட்சி. சுற்றி நின்று கைதட்டுவார்கள், போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். மணல் மீட்புக்கு வைத்திருக்கும் கயிறு ரப்பர் மாதிரி இழுபடும், அந்த இழுவிசையில்தான் வண்டி வெளியே வரும். அப்படி விறைத்து நிற்கும் கயிறு எங்கே மாட்டியிருக்கிறதோ அந்த இடம் பிய்த்துக்கொண்டால் அது கவண்கல். வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் மாட்ட ஒரு இரும்புக் குண்டு இருக்கும் இல்லையா, அதில் மட்டும் கயிறை மாட்டவே கூடாது. அது டிரெய்லரை இழுக்கச் செய்தது, இந்த மாதிரி வெட்டி இழுப்பதைத் தாங்காது. உடைந்தால் குண்டு பறந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிரே போயிருக்கிறது. அன்றைக்கு முன்னால் நடந்த மீட்பில் ஒரு பையன் அதில்தான் மாட்டப் போனானாம், கடைசி இடத்திலிருந்து போனவர் தடுத்து, வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த கொக்கியில் மாட்டவைத்தாராம். அதாவது கடைசி வண்டிக்காரர் முன்னால் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கலாம், அதே நேரத்தில் அவர் இல்லாததால் பின்னால் ஒரு குடும்பம் தொலைந்தது. அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒரே ஆளை இரண்டு இடத்தில் நிறுத்திய ஏற்பாட்டைத்தான் குறை சொல்லணும். கயிறு தெரிந்தவர் இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

சிலர் சொல்வார்கள், இவ்வளவு சட்டம் பேசினால் அட்வென்ச்சர் எங்கே இருக்கிறது என்று. நியாயமான கேள்விதான். மணலில் ஆபத்து இருப்பதால்தான் போகிறோம், இல்லாவிட்டால் பீச்சில் சுண்டல் சாப்பிடலாம். ஆனால் நம் ஆபத்தை நாம் தேர்ந்தெடுப்பது வேறு, பின் சீட்டில் வாந்தி எடுக்கும் நாலு வயசுப் பையனுக்கும் சேர்த்து இன்னொருத்தர் தேர்ந்தெடுப்பது வேறு. "அவரு ஓசியிலதானே கூட்டிட்டுப் போறாரு, அவர்கிட்ட போய் கேள்வி கேக்கலாமா?" என்பது அடுத்தது. ஷார்ஜாவில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். சம்பளம் வாங்காத கௌரவ ஆடிட்டருக்கும் பொறுப்பு குறையாது என்றுதான் நாம் படிக்கிறோம். லீடர் என்ற பெயரை வாங்கிக்கொண்டால் எண்ணும் வேலையும் சேர்ந்தே வரும்.

திரும்பிப் போகலாம் என்று சொல்வதும் அந்த வேலையில் சேர்த்தி. உச்சி வெயிலில் மணல் மேட்டுக்கு நிழலே இருக்காது. எது சரிவு, எது சமதளம், உச்சிக்கு அந்தப் பக்கம் செங்குத்தாக விழுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் காலையிலேயே ஓட்டிவிட்டு வெளியே வருவது உத்தமம். ஆனால் "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இத்தனை திர்ஹாம் பெட்ரோல் போட்டாச்சு" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், மொத்தக் கூட்டமும் நிற்கும். காஸ்டிங் பேப்பரில் 'செலவழிந்த பணம் அடுத்த முடிவுக்குச் சம்பந்தமில்லாதது' என்று எழுதி மார்க் வாங்குகிறவன்தான் நானும். அன்றைக்கு "இன்னும் ஒரு மேடு போகலாம்ணே" என்று சத்தம் போட்டதில் என் குரலும் உண்டு.

சரி, தேரிக்காடு. துபாய் மாதிரி இருக்கும் என்று சொன்னவனுக்கு ஒரு வார்த்தை. நிறம்தான் அப்படி. தேரி மண் பொடி மண், ஆனால் பனை, முந்திரி, உடைமுள் என்று நிறைய இடத்தில் மரம் பிடித்துக் கிடக்கிறது. காற்றை இறக்கிய டயர் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு நிற்கும், அதில் முள் ஏறினால் ஒட்டுப் போட முடியாது. பொலிரோவை மணலில் விடலாம் என்று சொன்னவன் அது பெரும்பாலும் பின் சக்கரத்தில் மட்டும் ஓடுகிற வண்டி என்பதை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். எல்லாவற்றுக்கும் மேலே, குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் வண்டி விட்டால் அது அட்வென்ச்சர் இல்லை, கேஸ். காப்புக்காட்டுக்கு வெளியே இருப்பது பட்டா நிலம், யாரோ ஒருத்தருடைய பனை, யாரோ ஒருத்தருடைய முந்திரி. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மாட்டி 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அவர்களும் வார விடுமுறைக்குக் கூட்டமாக மலையேறப் போனவர்கள்தான். எங்கே போகிறோம், எத்தனை பேர் என்று ஊரில் ஒருத்தருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகணும் என்று அதற்கப்புறம் எங்கள் அம்மா பிடிவாதம். நான் சைக்கிளில் போனாலும்!

ஆகவே கேன்டீன் கமிட்டிக்கு என் பதில். நான் லீட் பண்ண மாட்டேன், எனக்குத் தகுதி இல்லை. மணலில் நிஜமாகவே ஓட்டத் தெரிந்த ஆள் ஒருத்தர் கிடைத்து, ஃபாரஸ்ட் ஆபீஸில் முறையாகக் கேட்டு, விடுகிற இடத்தில் மட்டும் விட்டால் வருகிறேன். பொலிரோ சாலையோரத்தில் நிற்கட்டும், சாப்பாடும் கம்ப்ரஸரும் அதில் இருக்கட்டும். வண்டிக்கு ஒரு வாக்கி டாக்கி. விடமாட்டோம் என்று ஃபாரஸ்டில் சொல்லிவிட்டால் கற்குவேல் அய்யனார் கோயில் வரைக்கும் ரோட்டில் போய்க் கும்பிட்டுவிட்டு, தேரியில் காலால் நடப்போம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

நேற்று இதைத் தார் பார்ட்டியிடம் சொன்னேன். அரை மணி நேரம் கிண்டல் பண்ணினான். அப்புறம், "சரிடா ஆடிட்டரே, நாலு வண்டியில நீ எதுல வர்ற?" என்று கேட்டான்.

கடைசி வண்டியில் என்றேன். இந்தத் தடவை நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் சொல்வேன்.